தனுசியாவின் புல்லும் சுகந்தனின் கள்ளியும்

“உம்மட புல்லுக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் நான் ஊத்தமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்!”

பயணப் பையை இழுத்து மூடிக்கொண்டிருந்த தனுசியா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

“தங்கச்சி கல்யாணத்துக்குத்தானேங்க போறேன். முடிஞ்சதும் வந்துருவேன். காலையில ஒரு வாளி, சாயந்தரம் ஒரு வாளி. அதுகூடவா முடியாது?”

“முடியாது. என்ர கள்ளியளைப் பாரும். மாசத்தில ஒருக்கால் ரெண்டு மிடறு தண்ணி. ஒரு கேள்வியில்லை, முறைப்பாடில்லை. மன்னாரில செடியெண்டா அப்பிடியிருக்க வேணும்.”

அந்த வீட்டில் இந்தச் சண்டை புதிதில்லை.

விறாந்தையில், தட்டுத் தட்டாக, சுகந்தனின் கள்ளிச் சட்டிகள். உருண்டை, நெட்டை, பஞ்சுபோல முள் வைத்தது என்று எல்லாச் சாதியும் இருந்தன. கந்தோர் வேலை முடிந்து வந்ததும் தேத்தண்ணிக்கு முன் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பான். பார்ப்பதோடு சரி. கூடக் கவனித்தால் அழுகிப்போகும் என்பான்.

முற்றத்தில், கேற்றடியில், தனுசியாவின் புல். ஊதாக் கதிர் விடுகிற அலங்காரப் புல். தலவாக்கலையில் அம்மா வீட்டு வாசலில் நின்ற பற்றையில் ஒரு பிடியைப் பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து நட்டது. குளிர்நாட்டுப் பிள்ளை அல்லவா, மன்னார் வெயிலில் வேளைக்கு வேளை தண்ணீர் கேட்டது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பில் நுனி கருகும். குழாயில் வரும்போது நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

இது போதாதென்று ஊர் சுற்றும் கழுதைகள். கேற் கொஞ்சம் திறந்திருந்தால் போதும், புல்லடியில் வந்து நிற்கும்.

அம்மா வீட்டிலிருந்து அவளோடு வந்த உயிருள்ள பொருள் அது ஒன்றுதான். அது பட்டுப்போனால் தாங்கமாட்டாள். அதைச் சொன்னால் சுகந்தன் சிரிப்பான்.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு இந்திராதேவியிடம் போனாள்.

“இவரை நம்ப முடியாதுக்கா. நீங்கதான் பாத்துக்கணும்.”

“ஓம் பிள்ளை, நீ யோசிக்காமப் போட்டு வா.”

கல்யாண வீட்டிலும் அவளுக்குப் புல் நினைவுதான். தாலிகட்டு முடிந்த கையோடு இந்திராதேவிக்குப் போன் எடுத்தாள்.

“பச்சைப்பசேலெண்டு நிக்குது பிள்ளை.”

கணவனையும் கேட்டுப் பார்த்தாள்.

“எனக்கெப்பிடித் தெரியும்? நான் அந்தப் பக்கமே போறேல்லை.”

போனை வைத்துவிட்டு அவள் முணுமுணுத்ததைக் கல்யாணப் பெண் கேட்டுவிட்டாள்.

“விடுக்கா. கள்ளி வளக்குற மனுசன் மனசுல முள்ளுதானே இருக்கும்.”

தனுசியாவும் தலையை ஆட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது கேற் ஒரு பக்கம் சரிந்து, கயிற்றால் கட்டிக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. போகும்போது முழங்காலளவு நின்ற புல் இன்னும் ஒரு சாண் உயர்ந்திருந்தது. கடற்காற்றில் கதிர்கள் ஆடிக்கொண்டிருந்தன.

பிறகுதான் விறாந்தையைக் கண்டாள். தட்டுகள் வெறுமையாக இருந்தன. சுவரோரம் உடைந்த சட்டிகளும் நசுங்கிய கள்ளிகளும் குவிந்து கிடந்தன.

“ஐயையோ, என்னங்க இது?”

“கேற்றின்ர பிணைச்சல் கழண்டுபோச்சு. ராத்திரி கழுதையள் வந்து மிதிச்சுப்போட்டுதுகள்.” சுகந்தன் பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவில்லை.

“விறாந்தையில இருந்ததை எப்படிங்க மிதிச்சிச்சு?”

“முற்றத்தில இறக்கி வச்சனான். வெயில் காட்ட.”

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எதையும் தாங்கும்னு என்னா பெருமை! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? என் புல்லைப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு!”

சுகந்தன் ஒரு முறைப்போடு துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

ஊரிலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பக்கெற்றோடு தனுசியா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

“புடிங்கக்கா. நீங்க மட்டும் இல்லன்னா என் புல்லு பொழச்சிருக்காது.”

இந்திராதேவி கையை நீட்டவில்லை.

“இது எனக்குச் சேராது பிள்ளை. நான் ஒரு சிரட்டைத் தண்ணியும் ஊத்தேல்லை.”

“அப்ப?”

“முதல் நாள் வாளியோட வந்தனான். வந்து பாத்தா உன்ர மனுசன் ஊத்திக்கொண்டு நிக்கிறார். விடிய ஒருக்கால், கந்தோரால வந்து ஒருக்கால். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வேற வாங்கிப்போட்டார்.”

“ஏனாம்?”

“‘தெரிஞ்சா இனி நெடுகலும் என்னைத்தான் ஊத்தச் சொல்லுவாள்’ எண்டார்.”

தனுசியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“அவரைப் போயி கேலி பண்ணிட்டேனே! ஆனா அவரு மேலயும் தப்பிருக்குக்கா. வெயிலுக்கு வச்ச சட்டியப் பொழுது சாஞ்சா உள்ள எடுத்து வைக்கத் தெரிய வேணாமா?”

“வெயிலுக்கோ? ஆர் சொன்னது?” இந்திராதேவி மூக்கில் விரலை வைத்தாள். “கேற் கழண்ட அண்டைக்கு, கழுதையள் உன்ர புல்லுக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு, தன்ர கள்ளிச் சட்டி முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து அதைச் சுத்தி வேலியா அடுக்கினவர், பிள்ளை!”