புடலையின் வாலில் ஒரு கல்

பந்தலில் தொங்கிய புடலங்காயைப் பார்த்துப் பார்த்து, அதற்கு நேர் கீழே கிடந்த பூசணிப் பிஞ்சு ஏங்கியது. "குண்டம்மா, நீ உருண்டா தோட்டமே நசுங்கிடும்!" என்று அணில் வேறு சிரித்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து கொடி ஊட்டிய தண்ணீரைப் பூசணி தொடவில்லை. தோல் சுருங்கியது, காம்பு வெளுத்தது.

"என்னடி, சாகப் போறியா?" என்றது புடலை.

"உன்னை மாதிரி ஒல்லியாகப் போறேன் அக்கா."

"அடி அசடே, என் வாலைப் பாரு! நேரா வளரணும்னு கல்லைக் கட்டி விட்டிருக்காங்க. இழுத்து இழுத்து உயிர் போகுது. உன் முதுகு எப்போ மேலே வரும், இதை இறக்கி வைக்கலாம்னு நான் காத்துக் கிடக்கேன். நீ என்னடான்னா இளைக்கிறே!"

பூசணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தாகம் எடுத்தது.

மழை ஓய்ந்த ஒரு காலையில், பூசணியின் முதுகு எழும்பி வந்து அந்தக் கல்லைத் தாங்கிக்கொண்டது. புடலை பெருமூச்சு விட்டு, ஆசை தீர வாலைச் சுருட்டிக்கொண்டது.