இன்னும் ஒரு திருகு

மருதாசலம் தன் ஒர்க்‌ஷாப் மேசைமேல் மூன்று வகை ஷாக் அப்சர்பர்களை வைத்தார். பூங்கோதை சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒவ்வொன்றையும் மடியில் வாங்கி அழுத்திப் பார்த்து, தலையில் விறைப்பைக் கூட்டும் திருகு வைத்ததைத் தேர்ந்தெடுத்தாள். "கடைசி வரைக்கும் இறுக்கிருங்ணா." ரேஸ் விபத்துக்குப் பிறகு அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வாசலில் நின்ற தன் சிவப்புக் காரைக் கைகளாலேயே ஓட்டுகிறாள். "குலுக்கி எடுத்துருமுங்க அம்மிணி. உங்களுக்கு மெத்துன்னு இருக்கறதுதான் நல்லது." "மெத்துன்னு இருந்தா ரோடே காணாமப் போயிருதுங்ணா. தரையில போறனா, தண்ணியில போறனான்னே தெரியறதில்ல." அவர் நான்கு சக்கரங்களுக்கும் மாட்டி இறுக்கினார். "இன்னும் ஒரு திருகு" என்றாள். இறுக்கிவிட்டு, அவள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறியதும் அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். தார் பெயர்ந்த இடங்களில் சரளையின் அதிர்வு தாடைவரை ஏறியது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது மருதாசலத்தின் பற்கள் ஒன்றோடொன்று மோதின. பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். "இதுதாங்ணா வண்டி!" சிக்னலில் சிவப்பு விழுந்தது. விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இடது கால் செருப்பு கழண்டிருச்சு, கொஞ்சம் மாட்டி விடுங்ணா" என்றாள். மருதாசலம் குனிந்தார். கழன்றுதான் கிடந்தது. அதைக் கையில் எடுத்த பிறகே அவருக்கு உறைத்தது: அவள் கீழே பார்க்கவே இல்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கார் நகரவில்லை.