கேள்வி கேட்டவர்

லிட்கம் மண்டபத்தில் தமிழ் முதியவர்களுக்குத் தாதி நிரஞ்சினி சிறுநீரக நோய் விளக்க வகுப்பு நடத்தினாள். முன்வரிசையில் இருந்த சிறீஸ்கந்தராசாதான் ஓயாமல் கேள்வி கேட்டார்.

"பிள்ளை, கருவாட்டுக் குழம்பு சாப்பிடலாமோ?"

"அதில உப்புக் கூடுதல், அங்கிள். விட்டிடுங்கோ."

"ஊறுகாய்?"

"அதுவும்தான்."

"அப்ப அப்பளமும் இல்லை" என்று பெருமூச்சு விட்டார்.

வகுப்பு முடிந்ததும் நிரஞ்சினி அவரிடம் வந்தாள். "எல்லா நோயாளியளும் உங்களை மாதிரி அக்கறையா இருந்தால் எங்களுக்கு வேலையே குறைஞ்சிடும், அங்கிள்."

"நோயாளியோ? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்ர மனுசிக்குத்தான் கிட்னி பழுது."

"அன்ரி ஏன் வரேல்லை?"

"வந்தவதான். குசினியில நிக்கிறா. உங்கள் எல்லாருக்கும் வடை சுடுறா."

நிரஞ்சினி விறுவிறென்று குசினிக்குள் போனாள். அங்கே அவரது மனைவி தவமலர் வீங்கிய கால்களோடு நின்று, வடைமாவில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நிரஞ்சினி அடுப்பை அணைத்தாள். அவரைக் கையோடு மண்டபத்துக்குக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, வகுப்பை முதலிலிருந்து தொடங்கினாள்.

"அப்ப எங்களுக்குத் தேத்தண்ணி?" என்று சிறீஸ்கந்தராசா கேட்டார்.

"குசினி அங்கால இருக்கு, அங்கிள். எல்லாருக்குமாச் சேர்த்துப் போடுங்கோ."