முகப்பில் இருந்த ஆள்

"அந்த ஆளத் தூக்கிட்டாப் போதும், எல்லாம் சரியாயிடும்," என்றார் தாடி.

கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் போட்டார்கள். மீதிப் பேர் பல்லைக் கடித்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் எனக்கு அதுகூடக் கேட்டது.

தாடிக்கு உண்மையிலேயே தாடி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிடுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றை நாங்கள் சேர்ந்து செய்கிறோம். என்னைப் போன்றவர்களுக்கானது. நானே ஒரு பயிற்சி வகுப்பில் இதைப் பழகிக்கொண்டு அப்புறம் குழுவில் சேர்ந்தவன்தான். இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் இணையத்தில் கூடுவோம். சம்பளம்தான் இல்லை, சண்டைக்குக் குறைவில்லை.

இப்போதைய சண்டை எங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்தைப் பற்றியது.

போன தடவை அதை அழகுபடுத்தியபோது டவுன்லோடு பட்டனையும் சேர்த்து அழகாக வரைந்துவிட்டார்கள். மென்பொருள் படித்துக்காட்டுவதற்கான பெயரை அதற்குள் எழுத மறந்துவிட்டார்கள். மவுஸைக் கொண்டுபோய் அழுத்துகிறவனுக்குத் திறக்கும். கீபோர்டை நம்பியிருக்கிறவன் அங்கே போய் நின்றால், எந்த வாசிப்பு மென்பொருளும் "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். குருடனுக்குச் செய்த மென்பொருளைக் குருடன் மட்டும் எடுக்க முடியாது. எங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தச் சாமர்த்தியம் வராது.

எனக்குப் போன் செய்கிறவர்களுக்கு நானே அனுப்பிவைப்பேன். அப்படித்தான் ஒரு குமாஸ்தா கூப்பிட்டார். நடுவயதில் பார்வை போனவர். கம்ப்யூட்டரோடு வந்த ஓட்டை வாசிப்பானை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எங்கள் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறார். அதற்கு மேல் வழி தெரியவில்லை. தனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்து வேலையே வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்மேலதான் தப்புன்னு நெனச்சுட்டேன் சார்," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பட்டனைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் கெஞ்சுகிறேன். புது டிசைனில் வந்துவிடும் என்கிறார்கள். புது டிசைன்தான் வந்தபாடில்லை.

காரணம், அந்த ஆள்.

போன தடவையே பக்கத்தின் நடுவில் ஓவியர் ஒரு பெரிய போட்டோவை வைத்திருந்தார். எங்கள் குழுவில் படம், நிறம் எல்லாம் அவர் பொறுப்பு. எங்கோ நடந்த பயிற்சி வகுப்பில் அவரே எடுத்ததாம். யாரோ ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறானாம். இந்த முகத்துக்காகத்தான் நாம் வேலை செய்கிறோம், இதை எடுத்தால் நானும் போய்விடுவேன் என்று ஓவியர் ஒற்றைக்காலில் நின்றார்.

"மூஞ்சியா அது? எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஒக்காந்திருக்கான்," என்றார் தாடி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூக்கு பக்கத்தையே அடைக்கிறது என்றார் ஒருவர். கட்டம் போட்ட சட்டை கண்ணை உறுத்துகிறது என்றார் இன்னொருவர். வாயைக் கொஞ்சம் இழுத்துச் சிரிக்கிற மாதிரி மாற்றலாமா என்றுகூட யோசனை வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டெடுப்பு சரிக்குச் சரியாக வந்து நின்றது. என் ஓட்டு மட்டும் பாக்கி.

இந்த விஷயத்தில் அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. படத்தைப் பற்றி இவரிடம் எப்படிக் கேட்பது என்ற மரியாதைதான். நானும் கூட்டங்களில் கேமராவைப் போட்டதில்லை. யாரைப் பார்க்கப் போகிறேன்? அவர்களுக்கு நான் வெறும் குரல்.

"அவன் போனா, அதே எடத்துல உங்க பட்டன வச்சிடலாம் சார். இன்னிக்கே," என்றார் தாடி.

இன்றைக்கே. எனக்கு அது போதும்.

"தூக்கிடுங்க," என்றேன்.

ஓவியர் கூட்டத்தைவிட்டு வெளியேறும் மணிச்சத்தம் கேட்டது. மனசு உறுத்தத்தான் செய்தது. குமாஸ்தாவின் குரலை நினைத்துத் தேற்றிக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பக்கம் மாறிவிட்டது. ஓவியர் போய்விட்டதால் பட்டனைத் தானே வரைந்துவிட்டதாகத் தாடி குழுவில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே மற்றவர்கள் எமோஜி பொம்மை போட்டிருந்தார்கள். "கைதட்டல், கைதட்டல், கைதட்டல்" என்று மென்பொருள் எனக்குப் படித்துக்காட்டியது. பொம்மைக்கெல்லாம் பெயர் இருக்கிறது.

பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு இடமாக நகர்ந்தேன். தலைப்பு வந்தது. எங்களைப் பற்றி வந்தது.

"படம்."

பின்னால் போய்த் திரும்ப வந்தேன்.

"படம்."

என்டரைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இனி இதை மாற்றச் சொல்ல ஓவியரும் இல்லை.

தங்கை பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் என்ன இருக்கிறது, பார்த்துச் சொல் என்றேன்.

அவள் வந்து குனிந்தாள்.

"ஆரஞ்சுக் கலர்ல ஒரு பெரிய பட்டன் இருக்குண்ணா," என்றாள். "இங்க இருந்த உன் போட்டோவ ஏன் எடுத்துட்டாங்க? அந்தக் கட்டம் போட்ட சட்டையில நல்லாத்தானே இருந்தே."