இரண்டாவது தடவை

வெயிலை மட்டுப்படுத்தக் கூரைக்குப் பதில் வெள்ளைத்துணி கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே, பட்டினிக்குப் பயந்து பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் தாயாக நடிகை நிற்கிறாள். அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையைப் பெற்றவள் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். பெற்றவள் முதுகைக் காட்டி வாசலுக்கு நடந்தால் போதும், குழந்தை வீறிட்டு அழும். ஊமைப்படம்தானே, அந்த வாய் கோணினால் சரி. "நல்லாத்தான் அழுதான். ஃபிலிம் சிக்கிடுச்சும்மா, இன்னொரு தடவை போங்க," என்கிறார் கேமராக்காரர். போகிறாள். கேமராவின் கைப்பிடி கடகடவெனச் சுற்றுகிறது. அழுகையே இல்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். குழந்தை நடிகையின் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறது. "நிறுத்திடவா?" என்று கேட்கிறார் கேமராக்காரர். "சும்மா சுத்துய்யா! இந்தச் சிரிப்புதான் பார்க்கறவங்க நெஞ்சைப் பிசையும்," என்கிறார் டைரக்டர். பெற்றவளின் ரவிக்கை பாலில் நனைகிறது. அவளைத் திரும்பி வரச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.