விலக்கப்பட்ட கிணற்று நீர்

சிறுநீரக நோய்க்கான காரணங்களைக் கணினியில் அலசும்போதெல்லாம் ‘கிணற்று நீர்’ மட்டும் விலக்கப்பட்டது. ஆய்வு மாணவி நிலோஃபர் தரவைத் திறந்து பார்த்தாள். ‘தோல் ஆலைத் தெரு’ என்ற பத்தியில் அந்தத் தெருக்காரர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்குப் பூஜ்யம். ‘கிணற்று நீர்’ குடிப்பவர்களா என்ற பத்தியிலும் வரிக்கு வரி அதே எண்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் மென்பொருள் ஒன்றைத் தள்ளிவிட்டிருந்தது.

இந்தத் தரவுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்தவள் அறைத்தோழி மெர்லின்.

“அந்தத் தெருவுல எல்லாரும் கிணத்துத் தண்ணிதானேடி? நானே போட்டுட்டேன்.”

“அப்ப நீ போகவே இல்லையா?”

“செம வெயிலுடி...”

“மகனைப் பறிகொடுத்துட்டு உன் கையைப் புடிச்சு அழுதாங்கன்னு சொன்னியே, அந்த ராஜாமணியம்மா?”

“அவங்களும் நானா எழுதுனதுதான்டி.”

ராஜாமணியம்மாளுக்குத்தான் நிலோஃபர் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பணம் செய்திருந்தாள்.