பாலத்தில் தொங்குகிறவன்

நாற்பது ரூபாய் சித்திரக்கதையின் கடைசிப் பக்கத்தில் வேங்கைமாறன் உடைந்த பாலத்தை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். போன தீபாவளியிலிருந்து அப்படியேதான் தொங்குகிறான். பனியன் கம்பெனியில் மதியச் சோற்று நேரத்தில் அந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டிய தங்கமணியிடம், தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைப் பெண்கள் அன்றிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

தங்கமணி புத்தகக் காட்சிக்குப் போனபோது அந்தச் சித்திரக்கதையின் பதிப்பாளரே ஸ்டாலில் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, இவன் பொழச்சானுங்களா?” கடைசிப் பக்கத்தைக் காட்டிக் கேட்டாள்.

“அது இதுல இருக்கும்மா.” பிளாஸ்டிக் உறை போட்ட, வேறொரு நாயகனின் குண்டுப் புத்தகத்தைக் காட்டினார். விலை தொள்ளாயிரம். “நம்ம ஹீரோ எல்லாருக்கும் ஒரே உலகம்மா, ஒருத்தன் கதை இன்னொருத்தன் புத்தகத்துல முடியும். உண்மையான வாசகர்னா எல்லாத்தையும் வாங்கிருவாங்க.”

“அப்ப நாங்க பொய்யாவா படிச்சோம்?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து பிசிர் வெட்டும் கத்தரியை எடுத்து உறையை நீளவாக்கில் வெட்டினாள். போனில் மேசைப் பெண்களைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். பாலம் வரும் பக்கத்தை அவள் கண்டுபிடித்த நேரம், பதிப்பாளர் எழுந்து வந்து படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“வாங்காம படிக்கக் கூடாதும்மா.”

“அக்கா, படிங்க. எல்லாரும் இருக்கறோம்” என்றது போன்.

கத்தரி இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“கைய எடுங்க” என்றாள். “அடியில அவன் ஒத்தக் கையில தொங்கிட்டு இருக்கறான்.”